ஒயர் ஹெட்செட்டும் சி டைப் போனும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

திருப்பூரில் பவர் டேபிள் ஓடும் பனியன் கம்பெனிகளில் இன்றும் பலர் காதில் ஒயர்தான் தொங்குகிறது. பழைமைப் பற்று என்று நினைக்க வேண்டாம். புளூடூத் மொட்டுகளுக்கு ஒரு ஷிப்டு முழுக்க சார்ஜ் நிற்பதில்லை. காதிலிருந்து நழுவி விழுந்தால் வெட்டுத்துணிக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். ஒயர் ஹெட்செட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

தொல்லை போனில் இருக்கிறது. 2016-ல் மோட்டோ இசட், ஐபோன் 7 போன்றவை 3.5 மி.மீ. வட்டத் துளை இல்லாமல் வந்தன. 2019-ல் கேலக்ஸி நோட் 10 அதே வழியில் போனது. இன்று நடுத்தர விலைப் போன்களிலும் பலவற்றில் அந்தத் துளை இல்லை. ஆகவே சி டைப் பின்னை ஹெட்செட் பின்னோடு சேர்க்கும் ஒரு விரல் நீள ஒயர், அதாவது நம் ஊர்க் கடைகளில் கன்வர்ட்டர் என்றும் கனெக்டர் என்றும் கேட்டு வாங்கும் பொருள், எல்லோர் பையிலும் வந்துவிட்டது. கூடவே புகாரும் வந்துவிட்டது: “ஏனுங்க, நேற்றுதானுங்க வாங்கினேன், இன்றைக்கே வேலை செய்யவில்லைங்க.”

இப்படிக் கடைக்குத் திரும்பி வரும் கன்வர்ட்டர்களில் நிறைய நல்ல நிலையிலேயே இருக்கும். அவை பொருந்தாத போனில் மாட்டப்பட்டவை. அதனால் கோளாறுகளுக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

கையில் இருப்பது எந்த வகை?

வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் கன்வர்ட்டர்கள் உள்ளே இரண்டு வகை. ஒன்றில் வெறும் ஒயர் மட்டுமே இருக்கும். போன் தன்னுள்ளேயே, பாட்டுக் கோப்பில் உள்ள எண்களை ஒலியாக மாற்றி, 24 முனைகள் கொண்ட சி டைப் துளையின் சில முனைகள் வழியாக அனுப்பினால், அந்த ஒலியை வட்டத் துளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் வேலை. இது வாய்க்கால் மடை மாதிரி. வந்துகொண்டிருக்கும் தண்ணீரைத் திருப்பிவிடும், வராத தண்ணீரை வரவழைக்காது. இரண்டாவது வகையில் சின்னதாக ஒரு சிப் இருக்கும். போன் எண்களாகவே அனுப்பும். அவற்றை ஒலியாக மாற்றும் வேலையை அந்தச் சிப் செய்யும். அதற்கு டிஏசி என்று பெயர்.

மோட்டோ இசட், ஹுவாவே பி20, ஷாவ்மியின் எம்ஐ 6 போன்றவை முதல் வகையை ஏற்றுக்கொள்ளும். கூகுள் பிக்சல், சாம்சங் எஸ்20-க்குப் பின் வந்த உயர்விலைப் போன்கள், சி டைப் துளையோடு வந்த ஐபோன் 15 முதலானவை ஏற்காது. அவற்றுக்குச் சிப் வைத்ததே வேண்டும். சிப் வைத்த கன்வர்ட்டரோ பெரும்பாலான புதிய போன்களில் ஓடிவிடும். எனவே எது வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: சிப் வைத்தது. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அலைய வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? பருமனைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. பின்னின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அடங்கும் அளவுக்குச் சிப் சிறியது. சி டைப் துளை உள்ள ஒரு மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். ஒலி வெளியீட்டுப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முளைத்தால் உள்ளே சிப் இருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் அது அநேகமாக வெறும் ஒயர்.

சத்தமே வரவில்லை

காதைத் தீட்டுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். கன்வர்ட்டரையும் ஹெட்செட்டையும் சேர்த்து மாட்டியதும் திரையின் மேல்பட்டையில் ஹெட்போன் படம் வருகிறதா? வந்தால் போன் அடையாளம் கண்டுகொண்டது. சிக்கல் அமைப்பில் இருக்கிறது. வராவிட்டால் சிக்கல் துளையிலோ, கன்வர்ட்டரிலோ, பொருத்தத்திலோ இருக்கிறது. இந்த ஒரு பார்வையில் பாதித் தேடல் குறைந்துவிடும்.

படம் வராமல், ‘அனலாக் ஒலிச் சாதனம் கண்டறியப்பட்டது, இந்தப் போனுக்கு அது ஒத்துவராது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தால் மேலே தேட வேண்டியதில்லை. வெறும் ஒயர் வகையை, அதை ஏற்காத போனில் மாட்டியிருக்கிறீர்கள். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பாட்டு வராது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாப் போன்களும் இப்படி வாய் திறந்து சொல்வதில்லை. சில மௌனமாகவே இருந்துவிடும்.

அறிவிப்பும் இல்லை, படமும் இல்லை என்றால் பின்னைக் கழற்றி, புரட்டி, மறுபக்கமாகச் செருகுங்கள். சி டைப் பின்னுக்கு மேல் கீழ் கிடையாது, எப்படிப் போட்டாலும் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் போட்டால் வருகிறது, புரட்டினால் வரவில்லை என்றால் துளைக்குள் ஒரு வரிசை முனைகளில் அழுக்கோ சேதமோ இருக்கிறது. சார்ஜ் நன்றாக ஏறுகிறதே என்று சிலர் வாதாடுவார்கள். சார்ஜ் போகும் முனைகள் வேறு, ஒலி போகும் முனைகள் வேறு. அது ஏறுவதால் இது சரி என்று ஆகாது.

அடுத்தது ஓடிஜி, அதாவது வெளிச் சாதனங்களைப் போனோடு இணைக்கும் வசதி. சிப் வைத்த கன்வர்ட்டரைப் போன் ஒரு யுஎஸ்பி சாதனமாகப் பார்க்கிறது. அதற்கு மின்சாரமும் போன்தான் கொடுக்க வேண்டும். ஓப்போ, ஒன்பிளஸ் முதலிய சில நிறுவனங்களின் போன்களில் இதற்கென்று அமைப்புகளுக்குள் ஓடிஜி இணைப்பு என்று தனிச் சுவிட்சு இருக்கும். பத்து நிமிடம் எதுவும் மாட்டாமல் விட்டால் அது தானாகவே அணைந்துவிடும். காலையில் பாடிய கன்வர்ட்டர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊமையாகிறது என்றால் முதலில் இந்தச் சுவிட்சைப் பாருங்கள். அமைப்புகளின் தேடல் கட்டத்தில் ஓடிஜி என்று அடித்தால் அகப்படும்.

படம் வருகிறது, பாட்டு மட்டும் காதில் விழவில்லை என்றால், ஒலி வேறெங்கோ போய்க்கொண்டிருக்கலாம். கைக்கடிகாரமோ, வண்டியின் ஸ்டீரியோவோ, வீட்டு ஸ்பீக்கரோ புளூடூத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஒலியை இழுத்துக்கொள்ளும். புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பழைய போனை இன்னொருவரிடமிருந்து வாங்கியவர்கள் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். டெவலப்பர் அமைப்புகளில் யுஎஸ்பி ஒலித் திருப்பத்தை முடக்கும் ஒரு சுவிட்சு உண்டு. முன்பு வைத்திருந்தவர் அதைப் போட்டுவிட்டிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கன்வர்ட்டரும் பேசாது.

பாட்டில் குரல் மட்டும் காணவில்லை

கேட்பவரை மிகவும் திகைக்க வைக்கும் கோளாறு இது. வயலின் வருகிறது, தபலா வருகிறது, பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் போய்விடுகிறார். பாட்டுக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு.

நடப்பது இதுதான். இடது காதுக்கு ஒரு கம்பி, வலது காதுக்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பிப் போக ஒரு கம்பி. அந்தப் பொதுக் கம்பியைக் கிரவுண்டு என்பார்கள். அது விட்டுப்போனால் இடது, வலது ஸ்பீக்கர்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே காதில் விழும். பாடல் பதிவில் குரலை நடுவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைத்திருப்பார்கள். ஒரே அளவில் இருப்பது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். பக்கவாட்டில் வைத்த கருவிகள் மிஞ்சும்.

கிரவுண்டு ஏன் விட்டுப்போகிறது? பெரும்பாலும் ஹெட்செட் பின் கன்வர்ட்டரின் வட்டத் துளைக்குள் முழுதாக இறங்கியிருக்காது. அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் போதும். கடைசி வரை அழுத்தி ‘டக்’ என்ற பிடிப்பை உணருங்கள். பின்னைச் சுற்றிய ரப்பர்த் தோள் தடிமனாக இருந்து தடுத்தால், அதைப் பிளேடால் லேசாகச் சீவிவிடலாம்.

முழுதாக இறங்கியும் குரல் இல்லையா? ஹெட்செட்டில் உள்ள நடுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேளுங்கள். அழுத்தும்போது குரல் திரும்பிவந்து, விட்டதும் போனால், உங்கள் ஹெட்செட் பழைய ஒழுங்கில் செய்யப்பட்டது. மைக் உள்ள பின்னில் நான்கு முனைகள் இருக்கும். நுனியும் அடுத்த வளையமும் இடது, வலது. அதில் சண்டை இல்லை. மிச்சமிருக்கும் இரண்டில் எது கிரவுண்டு, எது மைக் என்பதில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சிடிஐஏ ஒழுங்கில் உள்ளே இருப்பது கிரவுண்டு, அடிப்பகுதி மைக். ஓஎம்டிபி ஒழுங்கில் அப்படியே தலைகீழ். இன்றைய போன்களும் கன்வர்ட்டர்களும் ஏறக்குறைய எல்லாமே சிடிஐஏ. பழைய நோக்கியாக்களோடு வந்த ஹெட்செட்டுகள் பலவும் ஓஎம்டிபி. பட்டனை அழுத்தினால் மைக் கம்பியும் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்கின்றன, அறுந்த பாதை அந்த நேரத்துக்கு மட்டும் கூடிவிடுகிறது. அதனால்தான் குரல் வருகிறது.

ஓஎம்டிபியைச் சிடிஐஏவாக மாற்றும் குட்டி இணைப்பான் தனியாகக் கிடைக்கும். அதை மாட்டி, அதன் மேல் கன்வர்ட்டர் மாட்டி என்று ரயில் பெட்டி கோப்பதைவிட, அந்த ஹெட்செட்டை ஓய்வெடுக்க விடுவது நல்லது. மைக் இல்லாத, இரண்டு கறுப்பு வளையம் மட்டும் உள்ள பின்னுக்கு இந்தச் சிக்கலே வராது. அதன் அடிப்பகுதி நீளமாக இருந்து இரண்டு இடத்தையும் சேர்த்தே தொடும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

அதே ஹெட்செட்டை வட்டத் துளை உள்ள வேறொரு போனில் மாட்டுங்கள். அங்கும் ஒரு காதுதான் என்றால் கன்வர்ட்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஒயர் பின்னுக்கு அருகிலோ காதுப் பகுதிக்கு அருகிலோ உள்ளே அறுந்திருக்கிறது. அங்கே இரண்டும் கேட்டால், போனின் அணுகல் வசதி அமைப்புகளில் இடம் வலம் சமன்படுத்தும் கோடு ஓர் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கையில் போன போனில் இது அடிக்கடி நடக்கும். சத்தம் அறவே இல்லாமல் போகாமல் ஒரு பக்கம் மங்கலாக மட்டும் கேட்டால் காதுப் பகுதியின் வலையைப் பாருங்கள். காதழுக்கு அடைத்திருக்கும். உலர்ந்த பல் துலக்கியால், வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு தட்டி எடுங்கள்.

அசைத்தால் விட்டு விட்டு வருகிறது

நம் பக்கத்தில் இந்தப் புகாருக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பஞ்சு. திருப்பூர் நிட்டிங் கூடமோ, சோமனூர்த் தறியோ, கோவையைச் சுற்றியுள்ள நூற்பு ஆலையோ, சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் பறக்கும் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சி டைப் துளைக்குள் போய் உட்காரும். ஒவ்வொரு முறை பின் செருகும்போதும் அது அடிப்பக்கம் நசுங்கி, நாளாக ஆகக் கெட்டியான அட்டைபோல் படிந்துவிடும். அதன் பிறகு பின் முழுதாக இறங்காது. போன் நேராக இருந்தால் பாடும், நடக்கும்போது நின்றுவிடும்.

சோதிப்பது எளிது. பின் செருகும்போது முன்பிருந்த ‘கிளிக்’ பிடிப்பு இருக்கிறதா? செருகிய பின் உலோகப் பகுதி மெல்லிய கோடாக வெளியே தெரிகிறதா? தெரிந்தால் போன் உறையைக் கழற்றிவிட்டு மறுபடி செருகுங்கள். தடித்த ரப்பர் உறையே தடுத்திருக்கலாம். உறை இல்லாமலும் இறங்காவிட்டால் உள்ளே பஞ்சு.

போனை அணைத்துவிடுங்கள். மரப் பல்குச்சியின் நுனியை மெல்லிதாகச் சீவி, துளையின் அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் மெதுவாகச் சுரண்டுங்கள். நடுவில் நிற்கும் மெல்லிய நாக்கின் இரண்டு முகத்திலும்தான் முனைகள் இருக்கின்றன. அதன் மீது பலம் காட்ட வேண்டாம். ஊக்கு, குண்டூசி, ஊசி எதுவும் கூடாது. தையல் கூடத்தில் ஊசிக்குப் பஞ்சமில்லை என்பதால் கை அதற்குத்தான் முதலில் போகும். ஒரு முனை வளைந்தால் துளையையே மாற்ற வேண்டிவரும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். பட்டறையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வேகமும் அதிகம். கை ஊதுகுழல் பந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு தொல்லை. காதுப் பகுதிக்குள் இருக்கும் காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். வலையைத் தாண்டி உள்ளே போன தூள் சவ்வின் மீது ஆடி, தாழ்ந்த ஒலிகளில் கரகரவென்று உராயும். கன்வர்ட்டர் மாற்றினாலும் போகாத கரகரப்பு என்றால் இதைச் சந்தேகியுங்கள். வலையின் மேல் உள்ளதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். உள்ளே போனதை எடுப்பது கடினம்.

துளை சுத்தமாக இருந்தும் ஆட்டம் இருந்தால் கன்வர்ட்டரின் கழுத்தைப் பாருங்கள். பின்னும் ஒயரும் சேரும் இடம்தான் முதலில் அறும். போனின் துளை மேலே பார்க்கும்படி பையில் வைத்தால் ஆயுள் கூடும். கீழே பார்க்கும்படி வைத்து உட்கார்ந்தால் தொடை ஒவ்வொரு முறையும் அதை மடிக்கும். இரண்டு நல்ல கன்வர்ட்டர்களும் ஆடினால் போனின் துளைதான் தேய்ந்திருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்தத் துளை தனிச் சின்னப் பலகையில் இருக்கும். சார்ஜிங் போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். முழுப் பலகையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் இன்னொரு கடையில் கேளுங்கள்.

சத்தம் குறைவாக இருக்கிறது

ஆப்பிளின் சி டைப் கன்வர்ட்டர் நல்ல பொருள். ஆண்ட்ராய்டு போனில் மாட்டினால் மட்டும் அது முணுமுணுக்கும். கன்வர்ட்டருக்குள்ளேயே ஓர் ஒலி அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் அதை முழுதாகத் திறப்பதில்லை. திரையில் கோடு உச்சியில் நின்றாலும் உள்ளே குழாய் பாதிதான் திறந்திருக்கும். யுஎஸ்பியோடு நேரடியாகப் பேசும் இசைச் செயலிகளில் சரியாகும், ஆனால் யூடியூபுக்கும் அழைப்புக்கும் அது உதவாது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் வேறு கன்வர்ட்டர் வாங்குவதே சிக்கனம்.

இன்னொரு காரணம் ஹெட்போனே. போனுக்கென்று செய்த ஹெட்செட்டுகள் ஏறத்தாழ 16 அல்லது 32 ஓம் மின்தடை கொண்டவை. ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் செய்த பெரிய ஹெட்போன்களில் 250, 300 ஓம் கொண்டவை உண்டு. கால் அங்குலத் தடிப்பின்னோடு வரும் அவற்றை 6.35-லிருந்து 3.5 மி.மீ. ஆக்கும் இணைப்பான் போட்டு மாட்டிவிடலாம், ஆனால் விரல் நீளக் கன்வர்ட்டருக்கு அவற்றை முழு அளவில் இயக்கும் தெம்பு இருக்காது. போனின் ஒலி வரம்புப் பாதுகாப்பு போட்டிருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நான் பேசுவது எதிர்முனையில் கேட்கவில்லை

பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று என்றால் மைக் உண்டு, இரண்டு என்றால் கிடையாது. மைக் இல்லாத ஹெட்போனை மாட்டினால் போன் தன் சொந்த மைக்கைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் சில மலிவுக் கன்வர்ட்டர்கள், ஹெட்போனில் மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘என்னிடம் மைக் இருக்கிறது’ என்று போனிடம் சொல்லிவிடும். போனும் நம்பி, வெற்றுக் கம்பியில் உங்கள் குரலைத் தேடிக்கொண்டிருக்கும். குரல் பதிவுச் செயலியைத் திறந்து, பதிவு ஓடும்போது ஹெட்செட் மைக்கை ஒரு முறை, போனின் அடிப்பகுதியை ஒரு முறை விரலால் தட்டுங்கள். எந்தத் தட்டு பதிவில் கேட்கிறதோ அந்த மைக்தான் வேலை செய்கிறது. மைக் இல்லாத ஹெட்போன் மாட்டியிருக்கும்போது போனைத் தட்டியதும் கேட்காவிட்டால் கன்வர்ட்டரின் அந்தப் பொய்தான் காரணம். மைக் உள்ள ஹெட்செட் மாட்டினால் சரியாகிவிடும்.

பட்டன் வேலை செய்யவில்லை

ஆண்ட்ராய்டு ஹெட்செட்டில் ஒவ்வொரு பட்டனும் ஒரு மின்தடை அளவு. நடுப் பட்டனுக்கு ஏறக்குறைய சுழியம், ஒலி கூட்டுவதற்கு 240 ஓம் அளவில் ஒன்று, குறைப்பதற்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று. ஆப்பிள் ஹெட்செட்டின் ஒலி பட்டன்கள் வேறு மொழி பேசுகின்றன. ஆகவே அதை ஆண்ட்ராய்டில் மாட்டினால் நடுப் பட்டன் மட்டும் வேலை செய்யும், பழுது அல்ல.

பாட்டு தானாக நிற்கிறது, உதவியாளர் குரல் தானாகக் கிளம்புகிறது

மைக் முனையும் கிரவுண்டும் எங்கோ ஈரத்தாலோ அழுக்காலோ தொட்டுக்கொள்கின்றன. போனுக்கு அது நடுப் பட்டனை அழுத்தியதாகவே தெரியும். வேர்வையில் நனைந்த பின், வால்பாறை மழையில் நனைந்த பை, பொள்ளாச்சி நார்க் களத்தின் ஈரத்தூசு, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். பின்னைத் துடைத்து, கன்வர்ட்டரை மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். துளையில் ஈரம் இருப்பதாகப் போனே எச்சரித்தால் அது உலரும் வரை எதையும் செருக வேண்டாம். அரிசி மூட்டைக்குள் போனைப் புதைக்கும் வைத்தியத்தை ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. அரிசித் துகள் உள்ளே போய்ச் சேதம் செய்யும்.

உறுமலும் கீச்சொலியும்

சார்ஜும் ஹெட்செட்டும் ஒரே நேரத்தில் மாட்டும் இரட்டைத் துளைக் கன்வர்ட்டரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் சார்ஜர்தான் குற்றவாளி. நல்ல சார்ஜர் போடுங்கள், அல்லது பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றுங்கள்.

வண்டியில் கதை வேறு. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளைக்குப் போனிலிருந்து ஒயர், அதே போனுக்கு சிகரெட் லைட்டர் துளையிலிருந்து சார்ஜ். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி வேகத்தோடு ஏறும், விட்டால் இறங்கும். இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அது. போனுக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே கிரவுண்டு இரண்டு பாதையில் போவதால் வட்டம் உண்டாகி, இரைச்சல் அதன் வழியே பாட்டுக்குள் வந்துவிடுகிறது. விலை உயர்ந்த கன்வர்ட்டர் வாங்கினாலும் இது போகாது. ஆக்ஸ் ஒயரின் நடுவில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியைச் செருகினால் போகும். உள்ளே இருப்பவை இரண்டு குட்டி மின்மாற்றிகள். ஒலியைக் காந்தம் வழியாகக் கடத்தி, கிரவுண்டைப் பிரித்துவிடும்.

எஃப்எம் எடுக்கவில்லை

வட்டத் துளைப் போனில் ஹெட்செட் ஒயரேதான் ஏரியல். சிப் வைத்த கன்வர்ட்டர் நடுவில் வந்ததும் அந்த ஒயருக்கும் போனின் எஃப்எம் சுற்றுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. உடுமலையில் உட்கார்ந்துகொண்டு கோடைப் பண்பலை 100.5-ஐத் தேடினாலும் வெறும் இரைச்சல்தான். இதற்கு அமைப்பில் மருந்து இல்லை. வானொலிக்கென்று ஒரு சின்ன ரேடியோ வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஆகாசவாணியின் செயலியில் கேளுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

ஐபோன் 7 முதல் 14 வரை சி டைப் கிடையாது, ஆப்பிளின் லைட்னிங் துளை. மலிவுக் கன்வர்ட்டரை மாட்டியதும் புளூடூத்தைப் போடச் சொன்னால், ஒயர் தருவது வெறும் மின்சாரம், ஒலி காற்றில் போகிறது என்று பொருள். ஒயர் என்று விற்ற புளூடூத் அது. இந்தத் துணைக்கருவி ஆதரிக்கப்படாமல் இருக்கலாம் என்று செய்தி வந்தால் ஆப்பிளின் சான்று பெறாத சரக்காக இருக்கலாம். துளையைச் சுத்தம் செய்தும் செய்தி தொடர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது

காந்திபுரத்துக் கடையோ உள்ளூர்க் கடையோ, உங்கள் போனையும் நீங்கள் வழக்கமாகப் போடும் ஹெட்செட்டையும் கையோடு கொண்டுபோங்கள். “டிஏசி சிப் வைத்ததுங்களா?” என்று கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே மாட்டி, நன்கு பழகிய ஒரு பாட்டைப் போட்டு, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள். பின்னைப் புரட்டிச் செருகி மறுபடி கேளுங்கள். ஒரு குரல் பதிவு எடுத்துத் தட்டிப் பாருங்கள். கடைக்காரரையே அழைக்கச் சொல்லி ஓர் அழைப்பு பேசுங்கள். உறையைக் கழற்றாமலே இத்தனையும் நடக்க வேண்டும், ஏனென்றால் நாளை வேலைக்குப் போகும்போது உறையோடுதான் போகப்போகிறீர்கள்.